மூட்டு வீக்கமும் இரத்தவோட்டமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



உடல்நலத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசும்படி சங்கத்தார் பணித்திருக்கின்றனர். உடல்நலம் என்னும் பொருள் கடல் போன்றது. அதில் ஒரு துறையை மாத்திரம் எடுத்துக்கொண்டு பேசுவதே முறையாகும். ஆதலால் வயலும் குளமும் தோட்டமுமாக வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் நமக்கு நெருங்கிய ஒரு வருத்தத்தை இன்று விசாரிப்போம். வயிற்றுளைவோ வேறொரு தொற்றோ வந்து மாறியபின், இரண்டு மூன்று வாரங் கழித்து, முழங்காலும் கணுக்காலும் திடீரென வீங்கிச் சுடுகின்ற வருத்தமே அது. வைத்திய நூலோர் இதனை எதிர்வினை மூட்டழற்சி என்பர்.

நம் கிராமங்களில் ஒருவருக்குக் கால் வீங்கிவிட்டால் அயலார் முதலிற் சொல்லும் வார்த்தை, "காலுக்கு இரத்தவோட்டம் இல்லை" என்பதே. உடனே எண்ணெய் காய்ச்சுவோரும், ஒத்தணம் கொடுப்போரும், உருவிவிட ஆள் தேடுவோரும் உளர். அன்பினாலேயே இவற்றைச் செய்கின்றனர், அதில் ஐயமில்லை. ஆனால் அன்போடு அறிவும் துணைநிற்றல் வேண்டும். இவ்வருத்தத்தில் இரத்தவோட்டம் மாறுபடுகிறது என்பது மெய்யே. எங்கே மாறுபடுகிறது? குறைகிறதா, கூடுகிறதா, தடைப்படுகிறதா? இதனை அறியாமற் செய்யும் சிகிச்சை, வாய்க்கால் எங்கே உடைந்தது என்று பாராமல் குளத்தின் துருசைத் திறந்துவிடுவது போன்றதாகும்.

முதலில் வருத்தத்தின் இயல்பை அறிவோம். சிகெல்லா, சல்மொனெல்லா, கம்பைலோபக்டர், யெர்சினியா என்னும் கிருமிகள் குடலிற் புகுந்து வயிற்றுளைவையோ வயிற்றோட்டத்தையோ உண்டாக்குவன. கிளமிடியா என்னும் வேறொரு கிருமி பாலுறவு வழியாகச் சிறுநீர்ப் பாதையைத் தொற்றுவது. இத்தொற்றுக்களுக்குப்பின் ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் சிலருக்கு மூட்டு வீங்குகிறது. கிருமி மூட்டினுள்ளே பெருகிச் சீழ் பிடிப்பதால் வரும் வீக்கமன்று இது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, போர் முடிந்த பின்னும் பாசறைக்குத் திரும்பாமல், தன் வீட்டு மூட்டையே தாக்குவதால் வருவது. பெரும்பாலும் முழங்கால், கணுக்கால், பாதம் ஆகியவற்றில் வரும்; இரண்டு பக்கமும் ஒரே அளவில் வராது. குதிக்காலில் தசைநாண் எலும்போடு பொருந்தும் இடம் நோகும். ஒரு கால்விரல் முழுவதும் உருண்டு தடித்துவிடுவதும் உண்டு. சிலருக்குக் கண் சிவக்கும், சிறுநீர் எரியும், இடுப்பு விறைக்கும். இருபது முதல் நாற்பது வயதினரே இதற்கு அதிகம் ஆளாகின்றனர். ஆகவே இஃது இச்சபையிலுள்ள வாலிபர்களின் காரியமேயன்றிக் கிழவர்களின் காரியம் அன்று.

இதன் சரித்திரமும் அறியத்தக்கதே. 1916 ஆம் ஆண்டில், முதலாம் உலக மகாயுத்தத்தின் நடுவே, ஜெர்மனியில் ஹான்ஸ் றைற்றர் என்பவரும், பிரான்சில் பீசிங்கர், லெறோய் என்னும் இருவரும், வயிற்றுளைவு கண்ட போர்வீரர்களிடத்தே மூட்டு, கண், சிறுநீர்ப் பாதை மூன்றும் சேர்ந்து அழற்சியடைவதைக் கண்டு எழுதினர். நெடுங்காலம் இந்நோய் றைற்றரின் பெயரால் வழங்கிற்று. அவரோ பின்னாளில் நாசி ஆட்சியிற் சேர்ந்து, கைதிகள்மீது நடந்த கொடிய பரிசோதனைகளில் சம்பந்தப்பட்டவர். ஆதலால் வைத்திய உலகம் அப்பெயரைக் கைவிட்டது. 1944 ஆம் ஆண்டில் பின்லாந்தின் போர்முனையில் வயிற்றுளைவு பெருவாரியாகப் பரவியது. அதன்பின் இந்நோய் கண்ட 344 பேரைப் பரோனன் என்னும் வைத்தியர் ஆராய்ந்து 1948 இல் வெளியிட்டார். 1969 இல் அதே நாட்டு ஆராய்ச்சியாளரே எதிர்வினை மூட்டழற்சி என்ற பெயரைச் சூட்டினர். 1973 இல், எச்.எல்.ஏ. பி27 என்னும் பரம்பரைக் கூறு உடையோர்க்கு இவ்வருத்தம் எளிதிற் பற்றுகிறது என்பது தெரியவந்தது.

இச்சரித்திரத்தில் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். யுத்தமும், நெருக்கமான வாழ்வும், அசுத்த நீரும் கூடிய இடத்திலேயே இந்நோய் கண்டறியப்பட்டது. அவ்வாழ்வு வன்னிக்குப் புதிதன்று. 2009 ஆம் ஆண்டில் யுத்தத்தின் முடிவிலே இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் அடைபட்டனர். அவருட் பெரும்பகுதியினர் செட்டிகுளத்து மனிக் பாம் முகாமில் இருந்தனர். கூடாரங்களின் நெருக்கத்தில், வரிசையில் நின்று பெற்ற நீரோடு வாழ்ந்த அந்நாட்களில் வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் பரவின. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. ஆனால் வயிற்றுளைவுக் கிருமி முகாமோடு மூடப்படுவதன்று. மாரி வெள்ளம் கிணற்றுட் புகும் ஊரிலும், மலசலகூடம் கிணற்றுக்கு அண்மையிலுள்ள வளவிலும் அது இன்றும் வாழும்.

நிற்க, இரத்தவோட்டத்துக்கு வருவோம். இவ்வருத்தத்தில் அது மூன்று வகையாக மாறுபடுகிறது.

முதலாவது, மிகை. நலமான முழங்காலின் உட்சவ்வு மெல்லியது. அதனுள் இருக்கும் திரவமும் சில மில்லிலீற்றர் அளவே. அழற்சி தொடங்கியதும் அச்சவ்விலுள்ள நுண்குழாய்கள் விரிகின்றன. புதிய குழாய்களும் முளைக்கின்றன. இரத்தம் வெள்ளமாய்ப் பாய்கிறது. குழாய்ச் சுவரின் இடுக்குகள் அகன்று நீர் கசிந்து மூட்டை நிரப்புகிறது. தொட்டாற் சூடு, பார்த்தாற் சிவப்பு, அமுக்கினால் நோவு ஆகிய யாவும் இரத்தம் இல்லாமையின் குறிகள் அல்ல. இரத்தம் மிகுந்தமையின் குறிகளே. இக்காலத்தில் டொப்ளர் வசதியுள்ள ஸ்கான் இயந்திரத்தில் அழற்சியுற்ற சவ்வினுள் ஓடும் இரத்தத்தை நிறப்புள்ளிகளாகக் கண்ணாலே காணலாம். சிகிச்சையால் அழற்சி தணியத் தணிய அப்புள்ளிகளும் குறையும். ஆகவே சுடுகின்ற மூட்டுக்கு மேலும் சூடு கொடுப்பது, வெள்ளம் பாயும் வயலுக்கு இன்னுமொரு வாய்க்கால் வெட்டுவதாகும்.

இரண்டாவது, தடை. மூட்டினுள்ளே நீர் பெருகப் பெருக அமுக்கம் ஏறுகிறது. அந்நிலையில் காலை ஊன்றி நடந்தால், அமுக்கம் நுண்குழாய்களின் அமுக்கத்தையும் விஞ்சி, சவ்வுக்குச் செல்லும் இரத்தம் கணநேரம் தடைப்படும். ஓய்ந்ததும் திரும்பப் பாயும். இவ்வாறு அடைபட்டும் பாய்ந்தும் வருவதே மேலும் கேடு விளைவிக்கும். அன்றியும் முழங்காலின் பின்புறத்தில் நீர்ப்பை ஒன்று தோன்றி, கெண்டைக்காலிலிருந்து மேலேறும் நாளத்தை நெரிப்பதுண்டு. அது வெடித்து நீர் கெண்டைக்காலுள் இறங்குவதும் உண்டு. அப்பொழுது கால் முழுவதும் வீங்கும். இதே தோற்றத்தோடு வருவது நாளத்தினுள் இரத்தம் உறையும் நோய். அழற்சி இரத்தத்தின் உறையுந் தன்மையைக் கூட்டுகிறது; பலநாள் அசையாது படுத்திருத்தலும் அதற்குத் துணைசெய்கிறது. இவ்விரண்டையும் வெறுங் கண்ணாற் பிரித்தறிதல் கைதேர்ந்த வைத்தியர்க்கும் அரிது, ஸ்கான் வேண்டும். உறைந்த இரத்தம் உள்ள காலை உருவிவிட்டால், அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே கொண்டுபோகலாம். உருவுவதற்கு முன் இதனை ஒருகணம் நினைத்தல் வேண்டும்.

மூன்றாவது, குறை. இது மூட்டில் அன்று, சிறுநீரகத்தில். நோயினால் அன்று, நாம் விழுங்கும் குளிசையினால். இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. உடலில் நீர் வற்றும்போது அப்பாய்ச்சல் குன்றாதபடி, புறோஸ்ராகிளான்டின் என்னும் பொருள் அங்குள்ள நாடிகளை விரித்துவைக்கிறது. டைக்குளோபெனக், ஐபுபுறோபன் முதலிய நோமருந்துகள் அப்பொருளின் உற்பத்தியைத் தடுப்பவை. மூட்டில் அதனால் நோவு தணிகிறது; சிறுநீரகத்தில் அதனால் நாடி சுருங்குகிறது. ஒரே மருந்து ஓரிடத்தில் நன்மையும் ஓரிடத்தில் தீமையும் செய்கிறது. வயிற்றோட்டத்தால் நீர் இழந்தவர், அல்லது நண்பகல் வெயிலில் வயலில் வியர்வை சிந்துபவர், போதிய நீர் அருந்தாமல் இக்குளிசைகளை நாட்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் வாடும்.

இதனை வன்னியில் நாம் இருமடங்கு அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. காரணம் இன்னதென்று முற்றாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், 1990 களிலே வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. அயலிலுள்ள வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் அது காணப்படுகிறது. அதற்கு ஆளாவோரிற் பெரும்பாலோர் விவசாயிகள். முன்னரே தளர்ந்த சிறுநீரகத்தின்மீது நோமருந்தையும் ஏற்றுவது, பாரம் தாங்காத வண்டியில் இன்னும் நான்கு மூடை நெல்லை ஏற்றுவதற்கு ஒப்பாகும். பழைய துண்டைக் காட்டிக் கடையிற் குளிசை வாங்கும் வழக்கம் நம்மிடையே ஒழிய வேண்டும்.

இனி, சிகிச்சை யாது என்று கேட்பீர்கள். மேற்கூறிய மூன்றையும் மனத்திற் கொண்டால் சிகிச்சையின் நியாயம் தானே விளங்கும்.

மிகையைத் தணிக்க, முதற் சில நாட்கள் மூட்டுக்கு ஓய்வு கொடுத்தல் வேண்டும். ஐஸைத் துணியிற் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தால் விரிந்த குழாய்கள் சற்றே சுருங்கி நோவு குறையும். வைத்தியர் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பரிசீலித்துத் தரும் நோமருந்தை, அவர் சொன்ன அளவில், உணவுக்குப்பின் உட்கொள்ளலாம். தடையைத் தீர்க்க, பெருகிய நீரை ஊசியால் எடுத்துவிடுவர். எடுத்த நீரைப் பரிசோதித்து, கிருமி இல்லையென்று தெளிந்தபின் ஸ்ரீறோயிட் மருந்தை மூட்டினுள் ஏற்றுவதுண்டு. ஊசியால் நீரெடுத்தால் கால் முடமாகிவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. நீரைப் பரிசோதியாமல் விடுவதே ஆபத்து.

மாதக்கணக்கில் நோய் நீடித்தால் சல்பாசலசீன், மெதோரெக்சேற் போன்ற மருந்துகள் உண்டு. மெதோரெக்சேற் வாரத்துக்கு ஒருமுறை மாத்திரம் எடுக்கும் குளிசை. அதனை நாள்தோறும் விழுங்கி உயிராபத்துக்கு உள்ளானோர் பல நாடுகளில் உளர். ஆதலால் வீட்டார் அதன் கிழமையைச் சுவரில் எழுதிவைத்தல் நன்று. இவற்றுக்கும் அடங்காத சிலருக்கு, அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் புதிய ஊசிகளும் வந்துள்ளன. கிளமிடியாத் தொற்று இருந்தால் அதற்குரிய கிருமிக்கொல்லி மருந்து அவசியம். வாழ்க்கைத் துணைக்கும் சேர்த்தே கொடுக்கவேண்டும். வெட்கத்தினால் வைத்தியரிடம் உண்மையை மறைப்பவர் தம்மையும் கெடுத்து, தம் வீட்டாரையும் கெடுக்கிறார். வயிற்றுளைவுக்குப்பின் வந்த மூட்டு வீக்கமோ கிருமிக்கொல்லியாற் சீக்கிரம் மாறுவதில்லை. அதனை வீணே விழுங்குதல் வேண்டா.

அழற்சி அடங்கத் தொடங்கியதும் மூட்டை அசைத்துப் பயிற்சி செய்தல் வேண்டும். இல்லையேல் தொடைத் தசை மெலிந்து கால் விறைக்கும். நாள இரத்தமும் தேங்கும். தசை சுருங்கி விரியும்போதே கெண்டைக்கால் இரத்தம் இருதயம் நோக்கி ஏறுகிறது. பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் நலமடைகின்றனர். ஒருசிலருக்கே அது நாட்பட்டு நிற்கும். மிக அரிதாகச் சிலருக்கு மகாநாடியின் அடிப்பாகத்தையும் இருதய வால்வையும் தாக்கும். ஆதலால் நாட்பட்டவர்கள் வைத்தியசாலைத் தொடர்பை விடலாகாது.

இங்கே நாட்டு வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரியாரிமாரையும் முறிவு நெரிவு வைத்தியரையும் இகழ்வது நம் நோக்கமன்று. பாதைகள் மூடப்பட்டு மருந்து வராதிருந்த காலங்களில் அவர்களே பலருக்குத் துணைநின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. கற்றறிந்த சித்த வைத்தியரும், சுடுகின்ற மூட்டை அழுத்தி உருவ உடன்படார். நாம் கண்டிப்பது, யாதும் கல்லாமல் "நரம்பு பிசகிவிட்டது" என்று கூறிக் கையை வைக்கும் துணிவையே.

மூட்டு வீக்கம் யாவும் இந்நோயே என்று எண்ணவும் கூடாது. நான்கினைப் பிரித்தறிதல் முக்கியம். ஒரே மூட்டு கடுமையாக வீங்கி, நடுக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் மூட்டினுள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று தங்கலாகாது. பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டைநோவு வந்து மாறிச் சில வாரங்களில் மூட்டுக்கு மூட்டு நோவு தாவினால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். இருதய வால்வைக் கெடுக்கும் அந்நோய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். நுளம்புக் காலத்தில் காய்ச்சலோடு மூட்டு நோவு வந்தால் அது டெங்கோ சிக்கன்குனியாவோ ஆகலாம். 2006 இன் இறுதியில் சிக்கன்குனியா இந்நாட்டிற் பரவி எத்தனையோ பேரை மாதக்கணக்கில் கைகால் மடக்க முடியாமற் செய்தது. டெங்கு அன்று என்று தெளியும்வரை பரசிற்றமோல் அன்றி வேறு நோமருந்து தொடலாகாது. ஏனையவை இரத்தப்பெருக்கை உண்டாக்கும். வயல் வேலைக் காலத்தில் காய்ச்சலோடு தசைநோவு கண்டால் எலிக்காய்ச்சலையும் நினைத்தல் வேண்டும். அதுவும் சிறுநீரகத்தைத் தாக்குவதே. கண் சிவந்து நொந்து வெளிச்சம் கூசினாலும் அது தாமதிக்கத்தக்கதன்று.

இனி, வாலிபர்கள் செய்யத்தக்கது யாது? கிளிநொச்சியிலும், வவுனியாவிலும், முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆனால் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானுக்கு உட்புறத்திலோ வீங்கிய காலோடு இருக்கும் ஓர் ஏழைத் தாய்க்கு, பஸ் ஏறி இறங்குவதே பெருந்துன்பம். ஒருநாட் கூலியும் போய்விடும். அதனாலேயே அவர் கடைக் குளிசையோடு தங்கிவிடுகிறார். அத்தகையோரைக் கிளினிக் நாளில் அழைத்துச் சென்று அழைத்து வருவது நம் சங்கத்தாரால் இயலாத காரியமா? மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வைத்திருப்போர் நம்முட் பலர் உளர்.

இரண்டாவது, நோயின் மூலத்தை அடைத்தல். கொதித்தாறிய நீரையே பருகச் செய்தல், வெள்ளத்துக்குப்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் துணையோடு கிணறுகளை இறைத்துக் குளோரின் இடுதல், மலசலகூடத்துக்குப்பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவப் பழக்குதல், திருவிழாவிலும் அன்னதானத்திலும் குடிநீரையும் சமையலையும் சுத்தமாகப் பேணுதல் என்பன நம் கைக்குள் அடங்கியவை. வயிற்றோட்டம் கண்டவருக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்க ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். வயிற்றுளைவு வராத வீட்டில் அதனைத் தொடர்ந்து வரும் மூட்டு வீக்கமும் வாராது.

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என ஐயுறுவோர் ஒன்றை நினைத்துப் பார்க்கட்டும். வன்னி என்றாலே மலேரியா என்று வெளியூரார் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. இந்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012 ஆம் ஆண்டோடு நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனஞ் செய்தது. வீடு வீடாகச் சென்று மருந்து தெளித்தவர்களும், இரத்தம் எடுத்துப் பார்த்தவர்களும், அவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மக்களும் சேர்ந்து சாதித்த காரியம் அது. மலேரியாவை வென்ற நிலம் வயிற்றுளைவையும் வெல்லும்.

நண்பர்களே, காலால் நடந்து, மண்ணை உழுது, நாற்று நட்டு வாழ்பவர்கள் நாம். நம்மவருள் ஒருவரின் கால் முடங்கினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. சுடும் மூட்டைச் சூடாக்காதீர்கள். வீங்கிய கெண்டைக்காலை உருவாதீர்கள். கேளாமற் குளிசை விழுங்காதீர்கள். காலந் தாழ்த்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இந்நான்கையும் வீட்டுக்குச் சென்றதும் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் எடுத்துச் சொல்வீர்களாயின், இன்று நாம் பேசியதற்கும் நீங்கள் பொறுமையோடு கேட்டதற்கும் பயன் கிடைத்ததாகும்.